ரக்பி லீக்கில் முதல் ஐந்து ஆண்டுகள்: அறிமுக ஆட்டத்தைவிட இரண்டாவது ஒப்பந்தம் ஏன் கடினம்?

ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடும் பையன் ஒருவன் தொழில்முறை வீரனாக எத்தனை வயதில் நுழைகிறான், முதல் சில ஆண்டுகள் எப்படிப் போகும், நல்ல திறமை இருந்தும் பலர் ஏன் காணாமல் போகிறார்கள் என்பது கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், 16 வயதில் கண்டெடுக்கப்பட்டு 19லிருந்து 21க்குள் முதல் ஆட்டம் ஆடுவதுதான் வழக்கமான பாதை. ஆனால் முதல் ஆட்டம் வரை வந்தவர்களிலும் நிறையப் பேர் 24 வயதுக்குள் வெளியேறிவிடுகிறார்கள். பந்தைக் கையாளத் தெரியாததால் அல்ல. உடம்பு தயாராகும் முன் அவசரப்படுவது, தற்காப்பில் கோட்டை விடுவது, சம்பளக் கணக்கில் கிளப்புக்குக் கட்டுப்படியாகாமல் போவது, இந்த மூன்றில் ஒன்றால்தான். அதனால் அறிமுக ஆட்டத்தை வாசல் என்று நினைக்க வேண்டாம். உண்மையான வாசல் இரண்டாவது ஒப்பந்தம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இலங்கையில் பிராட்பி கேடயத்தையும் கண்டி அணியையும் பார்த்து வளர்ந்தவர்கள் அறிந்த ரக்பி, யூனியன். அதில் அணிக்கு 15 பேர். லீக்கில் 13 பேர். 1895 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்கத்திய கிளப்புகள் தனியே பிரிந்ததில் பிறந்தது இது. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை ஈடுகட்டலாமா கூடாதா என்பதுதான் சண்டை. பணம் இந்த ஆட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசாமல் ஒரு லீக் வீரரின் வாழ்க்கையைப் பேச முடியாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆட்டத்தின் அமைப்பு தெரிந்தால்தான் மற்றது புரியும். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள், அதாவது ஆறு முறை பிடிபடும் வரை வாய்ப்பு; அதன்பின் பந்து எதிரணிக்கு. ஒவ்வொரு முறை பிடிபட்டதும் வீரர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும். பிடித்த அணி அதற்குள் 10 மீட்டர் பின்வாங்கி வரிசையாக நிற்க வேண்டும். பிறகு மறுபடி முன்னால் பாய்ந்து அடுத்தவரைப் பிடிக்க வேண்டும். கபடியில் ரெய்டரைப் பிடித்து அமுக்குகிற மாதிரியேதான். ஆனால் பிடித்த கையோடு எழுந்து 10 மீட்டர் பின்னால் ஓடி, அடுத்த சில வினாடிகளில் 110 கிலோ ஆள் ஒருவர் முழு வேகத்தில் வருவதை மறுபடி பிடிக்க வேண்டும். இதை 80 நிமிடம் செய்ய வேண்டும். நடுவில் ஆடும் ஹூக்கரும் லாக்கும் ஓர் ஆட்டத்தில் 35 முதல் 45 டேக்கிள் போடுவது சாதாரணம். பள்ளி ஆட்டத்தில் நட்சத்திரமாக இருந்தவன் திணறுவது இங்கேதான். பள்ளியில் பந்து பெரும்பாலும் அவன் கையில் இருந்தது. இங்கே பாதி நேரம் எதிராளி கையில்.

இனி படிக்கட்டு. நியூ சவுத் வேல்ஸில் 17 வயதுக்குட்பட்டோருக்கு ஹெரால்ட் மேத்யூஸ் கோப்பை, 19 வயதுக்குட்பட்டோருக்கு எஸ்.ஜி. பால் கோப்பை, 21 வயதுக்குட்பட்டோருக்கு ஜெர்சி ஃப்ளெக் கோப்பை. அதற்கு மேல் பெரியவர்கள் ஆடும் நியூ சவுத் வேல்ஸ் கோப்பை. உச்சியில் தேசிய ரக்பி லீக், அதாவது என்ஆர்எல். குயின்ஸ்லாந்தில் இதே வரிசை சிரில் கானல், மால் மெனிங்கா, கோல்ட்ஸ், குயின்ஸ்லாந்து கோப்பை என்று போகும். இவற்றோடு பள்ளிப் போட்டிகள் தனி. கோல்ட் கோஸ்டின் கீப்ரா பார்க், சிட்னியின் பேட்ரிசியன் பிரதர்ஸ் ஃபேர்ஃபீல்ட் போன்ற பள்ளிகளின் ஆட்டங்களில் கிளப்புகளின் தேடுநர்கள் குறிப்பேட்டோடு நிற்பார்கள். மேத்யூஸ், பால் இரண்டும் பிப்ரவரியில் தொடங்கிச் சில மாதங்களில் முடிந்துவிடும் குறும்போட்டிகள். ஜனவரியில் தொடைத் தசை கிழிந்தால் அந்த வயதுப் பிரிவில் அந்த ஆண்டு முழுக்கப் போயிற்று என்று பொருள். பெற்றோர் பலருக்கு இந்தக் காலக் கணக்கு தெரிவதில்லை. டிசம்பர் விடுமுறையில் பையன் சும்மா இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு ஜனவரியில் ஒரேயடியாக வேகமாக ஓட விடும்போது கிழிகிறது.

2008 முதல் 2017 வரை 20 வயதுக்குட்பட்டோருக்கான தேசியப் போட்டி ஒன்று நடந்தது. தொலைக்காட்சியில் வந்தது, கண்ணுக்கு விருந்தாகவும் இருந்தது. ஆனால் அதில் புள்ளிகள் மழையாகக் கொட்டின. தற்காப்பு தளர்வாக இருக்கும் சூழலில் 19 வயதுக்காரர்கள் 19 வயதுக்காரர்களோடு மட்டும் ஆடிப் பழகினார்கள். அங்கே ஜொலித்துவிட்டு, முதல்முறையாக 28 வயது ஆள் தோளில் இடித்தபோது நிலைகுலைந்தவர்கள் கணிசம். அந்தப் போட்டி நிறுத்தப்பட்டு, இளைஞர்கள் மாநிலப் போட்டிகளுக்குத் திருப்பிவிடப்பட்டது நல்ல முடிவு என்பதே என் கருத்து. பெரியவர்களோடு ஓர் ஆண்டு முழுக்க மாநிலக் கோப்பையில் ஆடியவனுக்கும் ஆடாதவனுக்கும் உள்ள வித்தியாசம் 60ஆவது நிமிடத்தில் தெரிந்துவிடும்.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். 18 வயதில் 95 கிலோ இருக்கும் முன்வரிசைப் பையன் ப்ராப் (மோதி முன்னேறும் கனமான ஆள்) இடத்தில் நிற்க 105 கிலோவாவது தேவைப்படும். அந்த 10 கிலோவை ஒரே கோடையில் ஏற்றுவதுதான் மிகப் பொதுவான தவறு. வாரத்துக்குக் கால் கிலோ, மிஞ்சிப் போனால் அரைக் கிலோ என்ற வேகத்துக்கு மேல் ஏறுவதில் பெரும்பகுதி கொழுப்பு. 12 வார முன்பருவப் பயிற்சியில் 3 முதல் 4 கிலோ நல்ல எடை ஏறினால் போதும். மூன்று கோடையில் கணக்கு சரியாகிவிடும். அவசரப்பட்டவனுக்கு முட்டி, கணுக்கால், இடுப்பு என்று வரிசையாக வலி வரும். ஓட்டமும் குறையும். சாப்பாட்டில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.6 முதல் 2.2 கிராம் புரதம் என்பது பொதுவான அளவு. 100 கிலோ ஆளுக்கு 160 முதல் 220 கிராம். இதை இரவு ஒரே தட்டில் கொட்டாமல், நான்கைந்து வேளையாக 40 கிராம் அளவில் பிரித்துச் சாப்பிட வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் திரவம் உள்ளே போக வேண்டும்.

தோல் மடிப்புகளை இடுக்கியால் பிடித்து மில்லிமீட்டரில் அளந்து, கொழுப்பின் அளவைக் கிளப்பில் அடிக்கடி பார்ப்பார்கள். அதோடு பிராங்கோ என்றொரு ஓட்டம் உண்டு. 20 மீட்டர் போய்த் திரும்பு, 40 போய்த் திரும்பு, 60 போய்த் திரும்பு. இது 240 மீட்டர். இதை நிற்காமல் ஐந்து முறை ஓடினால் 1200 மீட்டர். பின்வரிசை வீரர்களிடம் நாலரை நிமிடத்தை ஒட்டியும், கனமான முன்வரிசையினரிடம் ஐந்து நிமிடத்தை ஒட்டியும் எதிர்பார்ப்பார்கள். புதியவர்கள் முதல் சுற்றைப் பறந்து ஓடிவிட்டு நான்காவதில் செத்துப்போவார்கள். இதில் இன்னொரு நுணுக்கம்: மொத்தம் 29 முறை திரும்ப வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நிமிர்ந்து நின்று திரும்புகிறவன் அரை வினாடி இழந்தால்கூட முடிவில் கால் நிமிடம் போயிருக்கும். கோட்டுக்கு இரண்டு எட்டு முன்பே இடுப்பைத் தாழ்த்தி, ஒரு முறை இடது கால், மறுமுறை வலது கால் என்று மாற்றி ஊன்றித் திரும்பப் பழக வேண்டும்.

முன்பருவப் பயிற்சி நவம்பரில் தொடங்கும். ஆஸ்திரேலியாவில் அது கோடை. மாநில அணியிலும் நாட்டு அணியிலும் ஆடிய மூத்தவர்கள் தாமதமாக வருவார்கள். இளையவர்கள் முதல் நாளே வரவேண்டும். தங்களை நிரூபிக்கத் துடிப்பவர்களும் அவர்களே. 2020 நவம்பரில் மேன்லி அணியின் 20 வயது வீரர் கீத் டிட்மஸ் பயிற்சிக்குப் பின் சரிந்து விழுந்து அன்றே இறந்தார். கடும் உழைப்பால் உடல் சூடேறிய வெப்பத்தாக்குதான் காரணம் என்று மரண விசாரணை நீதிமன்றம் கண்டது. நீண்ட ஓய்வுக்குப் பின் வரும் கனமான வீரர்களை முதல் நாளே முழுச் சுமையில் ஓட விடக்கூடாது என்ற பாடம் இங்கே புத்தகத்தில் உள்ள எச்சரிக்கை அல்ல. தலைசுற்றல், பேச்சுத் தடுமாற்றம், கால் பின்னல் எதுவாக இருந்தாலும் ‘கொஞ்சம் தாக்குப்பிடி’ என்று சொல்லாமல் உடனே நிறுத்தி, குளிர்ந்த நீரில் இறக்க வேண்டும்.

இப்போது டேக்கிள். தேர்வுக் குழு புள்ளிகளைப் பார்க்கும் முன் பார்ப்பது இதைத்தான். ஒரு நல்ல முன்பக்க டேக்கிளில் கண் எதிராளியின் இடுப்பில் இருக்கும். தோளையும் கண்ணையும் பார்த்தால் ஏமாற்றிவிடுவான். கடைசி இரண்டு அடி சிறு சிறு எட்டுகள். முன்னங்கால் எதிராளியின் இரு பாதங்களுக்கு இடையே போய் ஊன்ற வேண்டும். தலை அவன் உடலுக்கு வெளியே, பக்கவாட்டில், முதுகுப் பக்கம் ஒட்டி இருக்க வேண்டும். தோள் பட்டதும் இரு கைகளும் பின்னால் சுற்றிப் பூட்ட வேண்டும். அப்புறம் கால் நிற்காமல் உந்த வேண்டும். பெரும்பாலான இளைஞர்கள் தவறு செய்வது கால் ஊன்றும் இடத்தில். பயத்தில் ஓரடி முன்பே நின்று கையை நீட்டிப் பாய்கிறார்கள். தூரம் கூடினால் தோளுக்குப் பதில் கைதான் படும்; பிடி வழுக்கும். இல்லையென்றால் தலை தவறான பக்கம் போய் எதிராளியின் முட்டியிலோ இடுப்பெலும்பிலோ மோதும். தலைக்காயங்களில் கணிசமானவை டேக்கிள் போடுகிறவனுக்கே வருவது இதனால்தான். திருத்த எளிய வழி, முட்டியிட்ட நிலையில் தொடங்கிப் பாதி வேகம், பிறகு முக்கால் என்று ஏற்றுவதும், ஒவ்வொரு முறையும் பாதம் எங்கே விழுந்தது என்று காணொளியில் நிறுத்திப் பார்ப்பதும்.

தொழில்முறை ஆட்டத்தில் ஒருவர் மட்டும் பிடிப்பது குறைவு. முதலாமவர் மேலே பந்தோடு சேர்த்துக் கட்டுவார், பந்து வேறு கைக்குப் போகாமல். இரண்டாமவர் இடுப்பையோ காலையோ பிடிப்பார். மூன்றாமவர் சாய்ப்பார். எதிராளி மல்லாக்க விழுந்தால் எழுந்து பந்தை உருட்ட நாலு வினாடிக்கு மேல் ஆகும். குப்புற விழுந்தால் மூன்று வினாடியில் எழுந்துவிடுவான். அந்த ஒரு வினாடிக்காகத்தான் கிளப்புகள் மல்யுத்தப் பயிற்சியாளர்களை வைத்திருக்கின்றன. ஆனால் 2020 முதல், கீழே கிடப்பவனை வேண்டுமென்றே அதிக நேரம் அமுக்கினால் பெரும்பாலும் எதிரணிக்கு ஆறு டேக்கிளும் புதிதாகத் தொடங்கும். உற்சாகத்தில் கூடுதலாக அரை வினாடி படுத்துக்கிடக்கும் புதியவன், ஏற்கெனவே மூச்சு வாங்கும் 12 பேரை இன்னும் ஆறு டேக்கிள் போட வைக்கிறான். அடுத்த வாரம் அவன் பெயர் பட்டியலில் இருக்காது. இடுப்பைக் காலின்மேல் போட்டு இழுத்து விழும் உத்தியும் தடைசெய்யப்பட்டது; கணுக்காலும் முட்டியும் முறிவதால் தண்டனை கடுமையானது.

இடத்துக்கு இடம் சோதனை மாறும். ஆட்டத்தை வழிநடத்தும் ஹாஃப்பேக்காக வரும் 19 வயதுக்காரனுக்குப் பந்தை உதைப்பதோ பாஸ் கொடுப்பதோ பிரச்சினையே அல்ல. எதிரணியின் இரண்டாம் வரிசை ஆட்கள் ஒவ்வொரு செட்டிலும் (ஆறு டேக்கிள் கொண்ட சுற்று) தேடிவந்து அவன்மேல் ஓடுவார்கள். 20 முறை அப்படி இடித்தபின் 65ஆவது நிமிடத்தில் ஐந்தாவது டேக்கிளில் அவன் உதைக்கும் பந்து ஐந்து மீட்டர் குறைவாகவே போகும். எடை குறைந்த ஹாஃப்பேக்குகளின் முதல் பருவம் ஜூலைக்குப் பிறகு சரிவது பெரும்பாலும் இதனால்தான். ஓரத்தில் ஆடும் விங்கரும் அவருக்கு உள்பக்கம் நிற்கும் சென்டரும் வேறு தேர்வு எழுதுகிறார்கள்: எதிரணி ஓரத்தில் ஆள் கூட்டி வரும்போது உள்ளே பாய்ந்து தடுப்பதா, கோட்டோரம் சறுக்கிக்கொண்டே போவதா? சென்டர் பாய்ந்து விங்கர் சறுக்கினால் நடுவே கதவு திறந்துவிடும். இருவரும் ஒரே முடிவெடுத்தால் அது தவறான முடிவாக இருந்தாலும் பாதி ஆபத்துதான். அதனால்தான் தொண்டை கிழியக் கத்துகிற இளைஞனைப் பயிற்சியாளர்களுக்குப் பிடிக்கும். மாற்று இருக்கையில் தொடங்கும் ப்ராப் பையனுக்கு வேலை எளிமையானது: 20, 25 நிமிடம் உள்ளே போ, பந்தை நழுவவிடாதே, எதிரணிக்குத் தண்டனை வாய்ப்பு கொடுக்காதே, ஒவ்வொரு முறையும் 10 மீட்டர் முழுதாகப் பின்வாங்கு. இதைச் செய்தவனுக்கு மறுவாரம் வேலை இருக்கும்.

முதல் ஆட்டம் எப்போது வரும்? பருவம் மார்ச்சில் தொடங்குகிறது. மே கடைசி முதல் ஜூலை வரை குயின்ஸ்லாந்துக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் இடையே ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் மூன்று ஆட்டங்கள். நட்சத்திரங்கள் அங்கே போய்விடுவதால் கிளப்புகளில் ஓட்டை விழும். அறிமுகங்கள் அந்த வாரங்களில் குவியும். செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்கு அணிப் பட்டியல் வெளியாகும். விரிவாக்கப்பட்ட பட்டியலில் பெயர் இருப்பது ஆடப்போவதற்கு உறுதியல்ல. ஆட்டத்துக்கு 24 மணி நேரம் முன்பு சுருங்கும், கடைசி ஒரு மணி நேரத்தில் இறுதியாகும். இதற்கிடையில் மாநிலக் கோப்பை அணியோடும் பயிற்சி இருக்கும். இரண்டு அணிகளின் உத்திச் சொற்களும் வேறாக இருந்தால் குழப்பம்தான். நல்ல கிளப்புகள் கீழே 17 வயது அணி வரை ஒரே சொற்களையும் ஒரே தற்காப்பு முறையையும் வைத்திருக்கும். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்ற பென்ரித் அணியின் பலம் இதுவே. சொந்த மேற்கு சிட்னிப் பகுதியில் வளர்ந்த பையன்கள் இளையோர் அணிகளிலிருந்தே ஒன்றாக ஆடி மேலே வந்தார்கள்.

வயது குறித்து ஒரு விதி உண்டு: 18 நிறையாமல் என்ஆர்எல்லில் ஆட முடியாது, தனி அனுமதி பெற்றாலொழிய. விதி வருமுன் 2008இல் கோல்ட் கோஸ்ட் அணிக்காக ஜோர்டன் ரேங்கின் 16 வயதில் ஆடினார். ஜோசப் சுவாலிக்கு 2021இல் விலக்கு கிடைத்து, 17 வயதில் சிட்னி ரூஸ்டர்ஸுக்கு ஆடினார். சில ஆட்டங்களிலேயே பாதக் காயம் அந்தப் பருவத்தை முடித்துவைத்தது. பிறகு தேறி, ஆரிஜினும் ஆடி, 2024க்குப் பின் யூனியனுக்குப் போய்விட்டார். இங்கிலாந்தில் பழைய கதை வேறு. 1983இல் ஷான் எட்வர்ட்ஸை 17ஆவது பிறந்தநாளில் 35,000 பவுண்டுக்கு விகன் கிளப் வாங்கியது. ஆண்டி ஃபாரல் 16 வயதிலேயே விகனுக்கு ஆடி, 21 வயதில் பிரிட்டன் அணித் தலைவரானார். இவர்களைக் காட்டி அவசரப்படுத்துகிற பெற்றோர் உண்டு. விதிவிலக்குகளை வைத்துப் பாதை போடக்கூடாது.

பணத்துக்கு வருவோம், மேலே சொன்ன எல்லாவற்றையும் முடிச்சுப்போடுவது இதுதான். என்ஆர்எல்லில் ஒவ்வொரு கிளப்புக்கும் 30 பேர் கொண்ட முதன்மைப் பட்டியல். 2023இல் அந்த 30 பேருக்கும் சேர்த்துச் சம்பள உச்சவரம்பு 1 கோடியே 21 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். பட்டியலில் இடம்பெற்ற ஒருவருக்குக் குறைந்தபட்சம் 1,20,000 டாலர். நான்கு நட்சத்திரங்கள் தலா 9 லட்சம் எடுத்தால் 36 லட்சம் போய்விடும். மிச்சம் 85 லட்சம் 26 பேருக்கு. அதிலும் நடுத்தர மூத்தவர்கள் பத்துப் பேர் தலா 5 லட்சம் என்றால் 50 லட்சம். கடைசி 16 பேருக்கு 35 லட்சம், அதாவது சராசரியாக 2 லட்சத்து 20 ஆயிரத்துக்குள். இதனால் எந்தக் கிளப்பும் குறைந்த சம்பளத்தில் முதல் அணித் தரத்தில் ஆடக்கூடிய பத்துப் பேரைத் தேடிக்கொண்டே இருக்கும். இளைஞனின் முதல் மதிப்பு அவனுடைய மலிவு. கசப்பாக இருந்தாலும் உண்மை. இரண்டாவது ஒப்பந்தத்தில் அவன் மலிவாக இருப்பதில்லை. அப்போது அவன் இடத்துக்கு அடுத்த 19 வயதுக்காரன் வரிசையில் நிற்பான்.

முதன்மைப் பட்டியலுக்குக் கீழே வளர்ச்சி ஒப்பந்தம் என்று சிறிய பட்டியல். அதற்கும் கீழே, முன்பருவம் முழுக்க அணியோடு பயிற்சி செய்யும் சோதனை ஒப்பந்தம். சோதனை ஒப்பந்தத்தில் இருப்பவனுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நேரம். அது பலித்தால் மேலே, இல்லையென்றால் மாநிலக் கோப்பைக்குத் திரும்பி, பகலில் வேலையோ படிப்போ. கட்டுமானத் தொழில், பள்ளி உதவியாளர் வேலை, தச்சு, மின்பணிப் பயிற்சி ஆகியவை இந்த வயதினரிடம் அதிகம். இதை அவமானமாகப் பார்ப்பவன் சீக்கிரம் உடைவான். கையில் தொழிற்சான்று இருப்பவன் காயத்தில் ஓராண்டு உட்கார்ந்தாலும் தாங்குவான்.

ஒப்பந்தத்தின் நீளம் பெரிய பொறி. நவம்பர் 1 விதி என்று ஒன்று உண்டு: கடைசி ஆண்டுக்கு முந்தைய நவம்பர் 1 முதல் வேறு கிளப்புகளோடு பேசலாம். அதாவது மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டவனின் சந்தை இரண்டாம் ஆண்டு முடிந்ததும் திறக்கிறது. நடுவே ஒரு பருவம் முட்டி ஆப்பரேஷனில் போனால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. நீண்ட ஒப்பந்தம் காயத்துக்குக் காப்பு. ஆனால் விலை ஏறினால் கட்டு. பெய்ன் ஹாஸ் பதின்பருவத்திலேயே பிரிஸ்பேனோடு ஆறாண்டு ஒப்பந்தம் போட்டார். அடுத்த ஆண்டே நாட்டின் சிறந்த ப்ராப்களில் ஒருவரானார். 2022இல் விடுவிக்கக் கேட்டபோது கிளப் மறுத்துவிட்டது. கிளப் செய்தது தவறென்று சொல்ல முடியாது. காயம் பட்டிருந்தால் இதே ஒப்பந்தம் அவரைத்தான் காத்திருக்கும். ஒப்பந்தத்தில் ‘விருப்ப ஆண்டு’ என்றிருந்தால் அது யாருடைய விருப்பம் என்று படியுங்கள். கிளப்பின் விருப்பம் என்றால், நன்றாக ஆடினால் பழைய விலையில் இன்னொரு ஆண்டு, சரியாக ஆடாவிட்டால் வெளியே என்று அர்த்தம். ஏஜென்ட் அங்கீகாரம் பெற்றவரா, அவருடைய பட்டியலில் அதே இடத்துக்கு அதே கிளப்பில் வேறு வீரர் இருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

ஜோனதன் தர்ஸ்டனின் தொடக்கத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். பிரிஸ்பேன் பையன். உடம்பு சிறியது என்று பல கிளப்புகள் ஒதுக்கின. சிட்னியின் பேங்க்ஸ்டவுன் பக்கத்து புல்டாக்ஸில் 2002இல் முதல் ஆட்டம். ஆனால் அங்கே ஹாஃப்பேக்காக ப்ரெண்ட் ஷெர்வினும் அவருக்கு இணையாக ஆடும் ஃபைவ்-எய்த்தாக ப்ரெய்த் அனஸ்டாவும் நிலைத்திருந்தார்கள். மூன்று பருவத்தில் தர்ஸ்டனுக்குக் கிடைத்தது 29 ஆட்டங்கள். 2004 இறுதியாட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி வென்றும், காயத்தால் ஆடமுடியாமல் போன அணித்தலைவர் ஸ்டீவ் ப்ரைஸிடம் வெற்றி மோதிரத்தைக் கொடுத்துவிட்டார். 2005இல் வட குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸுக்குப் போனார். அந்த ஒரே ஆண்டில் ஆண்டின் சிறந்த வீரருக்கான டாலி எம் பதக்கம், ஆரிஜின் அறிமுகம், இறுதியாட்டம். பிறகு 294 ஆட்டங்கள் அதே அணிக்கு. திறமை 2004க்கும் 2005க்கும் இடையில் திடீரென முளைக்கவில்லை. இடம் காலியாக இருந்த கிளப்புக்குப் போனதுதான் மாற்றம். இரண்டாவது ஒப்பந்தத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி தொகை அல்ல: ‘என் இடத்தில் எனக்கு முன்னால் யார், அவருக்கு எத்தனை ஆண்டு மிச்சம்?’

மெல்போர்ன் ஸ்டார்ம் அணியின் மூவரும் இதையே வேறு வழியில் காட்டுகிறார்கள். கேமரன் ஸ்மித், கூப்பர் க்ராங்க், பில்லி ஸ்லேட்டர் மூவரும் பிரிஸ்பேனின் நார்த்ஸ் டெவில்ஸில் ஆடி வந்தவர்கள். அது அப்போது ஸ்டார்மின் இணை அணி. பின்னாளில் உலகின் சிறந்த ஹூக்கர் எனப்பட்ட ஸ்மித் 2002இல் இறங்கியது ஹாஃப்பேக்காக. க்ராங்க் 2004, 2005இல் எங்கு ஓட்டையோ அங்கு ஆடும் மாற்று ஆள். மாட் ஆர்ஃபர்ட் மேன்லிக்குப் போனபின் 2006இல்தான் ஹாஃப்பேக்கின் 7ஆம் எண் சட்டை அவருக்கு வந்தது. இரண்டு இடத்தில் ஆடத் தெரிந்தவன் பட்டியலில் தங்குவான். ஆனால் மூன்றாம் ஆண்டுக்கு மேலும் அப்படியே இருந்தால் எந்த இடமும் அவனுக்குச் சொந்தமாகாது.

16 வயதில் யாரும் கண்டெடுக்காவிட்டால் கதை முடிந்தது என்பதில்லை. பப்புவா நியூ கினியின் சிம்பு மலைப்பகுதியிலிருந்து வந்த ஜஸ்டின் ஓலம் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். குயின்ஸ்லாந்து கோப்பையில் ஆடும் ஹன்டர்ஸ் அணி வழியாக ஸ்டார்முக்கு வந்து 2017இல்தான் அறிமுகம். 2020இல் என்ஆர்எல் பட்டம், 2021இல் ஆண்டின் சிறந்த சென்டர். இங்கிலாந்தில் ஸ்காலர்ஷிப், அகாடமி, பிறகு கீழ்மட்ட கிளப்புக்கு இரவல் என்று போகும். அங்கே 20 வயதில் இரவலில் 15 ஆட்டம் ஆடுவது முதல் அணியின் இருக்கையில் உட்கார்வதைவிடப் பயன். பெண்களுக்கு ஆஸ்திரேலியாவில் டார்ஷா கேல், லிசா ஃபியாவோலா கோப்பைகள் வழியாக 2018இல் தொடங்கிய பெண்கள் லீக்குக்குப் பாதை உண்டு. அங்கே பெரும்பாலானோருக்கு வேலையும் ஆட்டமும் சேர்ந்தே ஓடும்.

காயத்தில் தலைக்காயம் தனி. சந்தேகம் வந்தால் களத்திலிருந்து வெளியேற்றி 15 நிமிடம் பரிசோதிப்பார்கள். உறுதியானால் 2023 முதல் குறைந்தது 11 நாள் ஆட முடியாது. இளைஞர்கள் மறைக்கப் பார்ப்பார்கள், இடம் போய்விடுமோ என்று. 11 நாளில் ஓர் ஆட்டமோ இரண்டோ போகும். மறைத்து இரண்டாவது அடி வாங்கினால் பருவமே போகும். முன் சிலுவைத் தசைநார் அறுந்தால் 9 முதல் 12 மாதம். தோள் ஆப்பரேஷனுக்கு 4 முதல் 6 மாதம். அதனால் சமாளிக்கக்கூடிய தோள் காயமாக இருந்தால் பருவ முடிவில், செப்டம்பரில் செய்துகொண்டு அடுத்த மார்ச்சுக்குத் தயாராவது வழக்கம்.

ஆகவே 19 வயதில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர் இரண்டாம் ஆண்டு ஜூலையிலேயே மூன்று காகிதங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும்: ஆட்டத்துக்கு ஆட்டம் டேக்கிள், தவறிய டேக்கிள், தண்டனை எண்ணிக்கை, பிராங்கோ நேரமும் எடையும் மூன்று பருவமாக எப்படி மாறின என்ற பதிவு, தன் இடத்தில் ஆடும் வீரர்களின் ஒப்பந்தம் ஒவ்வொரு கிளப்பிலும் எப்போது முடிகிறது என்ற பட்டியல். கடைசிக் காகிதத்தை ஏஜென்டிடம் கேளுங்கள். அது அவரிடம் இல்லையென்றால் நவம்பர் 1க்கு முன் வேறு ஏஜென்டைப் பாருங்கள்.